புல்லுக்கு அப்பா வழியும் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

காட்டுப் புற்களின் பூர்வீகத்தைக் குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏ (இலை செல்களில் ஒளிச்சேர்க்கை செய்யும் பச்சை நுண்ணுறுப்புக்குள் தனியாக இருக்கும் டிஎன்ஏ) மூலம் கண்டுபிடிப்பது பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் அதனுடன் போட்ட, எந்தப் புல் எதற்குச் சொந்தம் என்று காட்டும் கிளைப்படத்தை முழு வம்சாவளி என்பதுபோலக் காட்டியிருக்கிறீர்கள், அதைத்தான் ஏற்க முடியவில்லை.

புற்களில் குளோரோபிளாஸ்ட் பொதுவாகத் தாய்ச் செடியின் கருமுட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது, மகரந்தம் அதைக் கொண்டுவருவதில்லை. ஆக அந்தப் படத்தில் இருப்பது அம்மா, அம்மாவின் அம்மா, பாட்டியின் அம்மா என்று பின்னோக்கிப் போகும் ஒற்றைக் கோடு. வேறு சில உயிர்களில் இது பெரிய குறையாக இருக்காது. புற்களில் அப்படி விட்டுவிட முடியாது, ஏனென்றால் இனம் விட்டு இனம் கலப்பது அவற்றுக்குச் சர்வசாதாரணம்.

ரொட்டிக் கோதுமையையே பாருங்கள். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கலப்பு நடந்தது: தாய், ஈஜிலாப்ஸ் ஸ்பெல்டாய்டிஸ் என்ற புல்லுக்கு நெருங்கிய ஏதோ ஒரு காட்டுப் புல், தந்தை ட்ரிட்டிகம் உரார்ட்டு என்ற காட்டுக் கோதுமை. அந்த வழியில் வந்து பயிராகிவிட்ட ஒரு கோதுமையோடு, விவசாயம் தொடங்கிய பிறகு, ஈஜிலாப்ஸ் டவுஷி என்ற இன்னொரு புல்லின் மகரந்தம் சேர்ந்தது. மூன்று மூதாதையரின் குரோமோசோம்களும் இன்றைய கோதுமைக்குள் இருக்கின்றன. ஆனால் குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏவை மட்டும் படித்தால் ஸ்பெல்டாய்டிஸ் பக்கத்துத் தாய் வழி மட்டும்தான் தெரியும், மற்ற இரண்டு பேரும் இருந்த சுவடே கிடைக்காது! அளவிலும் பாருங்கள், கோதுமையின் குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏ சுமார் 1,34,500 எழுத்துகள், குரோமோசோம்கள் இருக்கும் செல்லின் உட்கருவில் இருப்பதோ ஏறத்தாழ 1,600 கோடி.

அப்படியானால் விஞ்ஞானிகள் ஏன் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அது சிறியது, மெதுவாக மாறுவது, ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டு பெற்றோரின் சீட்டுகளைக் கலைத்துப் போடும் வேலை அதில் கிடையாது. அப்புறம் ஒரு செல்லுக்குள் அதன் நகல்கள் ஏராளமாக இருப்பதால், எப்போதோ காயவைத்து அட்டையில் ஒட்டிய பழைய இலையிலிருந்துகூட எடுத்துப் படிக்க முடிகிறது, அரிய காட்டுப் புல்லைத் தேடுகிறவருக்கு அது பெரிய வசதி. புல் குடும்பத்தின் பெரிய கிளைகளைப் பிரித்ததில் ஆர்பிசிஎல், என்டிஎச்எஃப், மேட்கே போன்ற குளோரோபிளாஸ்ட் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சி4 ஒளிச்சேர்க்கை (வெப்பமான இடங்களுக்கு ஏற்ற ஒரு ஒளிச்சேர்க்கை முறை) புற்களில் தனித்தனியாக 20 தடவைக்கு மேல் தோன்றியது என்பதும் இப்படிப்பட்ட கிளைப்படங்களை வைத்துப் போட்ட கணக்குதான். அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை.

சிக்கல் நெருங்கிய சொந்தங்களைப் பிரிக்கும்போது வருகிறது. ஒரு புல்லின் மகரந்தம் பக்கத்து இனத்துத் தாய்ச் செடியில் சேர்ந்து, அதில் பிறந்த கலப்பு வாரிசுகள் பிறகு தலைமுறை தலைமுறையாகத் தந்தை இனத்தின் மகரந்தத்தையே வாங்கிக்கொண்டிருந்தால், உட்கரு ஏறக்குறைய முழுக்கத் தந்தை இனமாகிவிடும், குளோரோபிளாஸ்ட் மட்டும் பக்கத்து இனத்துடையதாகவே இருக்கும். உங்கள் படத்தில் அது தவறான கிளையில்தான் போய் உட்காரும்.

அடுத்த முறை இப்படிப் படம் போடும்போது, எந்த டிஎன்ஏவை வைத்து வரைந்தது என்று கீழே ஒரு வரி போடுங்கள். முடிந்தால் அதே புற்களுக்கு உட்கரு டிஎன்ஏவை வைத்து வரைந்த படத்தையும் பக்கத்திலேயே வெளியிடுங்கள். இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று பார்த்தாலே, எந்தக் கிளையில் கலப்பு நடந்திருக்கலாம் என்று வாசகர்களே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்