தலைப்பு அட்டையில் இடம் கிடைக்காதவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் தொடரின் இறுதிப் பகுதி ஒளிபரப்பான பிறகு வந்த வாழ்த்துகளில் பெரும்பாலானவை என் பெயருக்கே வந்து சேர்ந்தன. கதை, திரைக்கதை, தயாரிப்பு என்ற மூன்று சொற்களுக்குக் கீழே ஒரே பெயர் திரையில் நின்றதால் அப்படி நேர்ந்திருக்கிறது. அந்த மூன்றில் எதுவும் தனியொருவரால் ஆகும் வேலையன்று என்பதைத் தொடர் எடுப்பவர்கள் அறிவார்கள். தலைப்பு அட்டைகளோ இப்போது யாரும் படிக்க முடியாத வேகத்தில் ஓடுகின்றன. அங்கே சொல்ல முடியாமல் போனதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன். பலர் தங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், செய்த வேலையைக் கொண்டே அவர்களைச் சுட்டுகிறேன். உரியவர்களுக்குத் தம்மைத் தெரியும்.

நான் எழுத வந்த காலத்தில் தமிழ்நாட்டில் தொலைக்காட்சி என்றால் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்ட சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுதான். வாரம் ஒரு முறை, 13 வாரம் என்பது தொடரின் அளவு. கதைச் சுருக்கமும் எழுத்துப்படியும் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். வானொலி நாடகம் எழுதிப் பழகிய என் கை, "அதோ, அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வருகிறாரே" என்று பாத்திரங்களைப் பேசவைத்துக்கொண்டே இருந்தது. அப்போது அங்கு நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்த ஒருவர், அத்தகைய வரிகள் ஒவ்வொன்றின் அருகிலும் சிவப்பு மையில் "கேமரா இருக்கிறது" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். என் முதல் எழுத்துப்படியில் அக்குறிப்பு முப்பது இடங்களுக்கு மேல் இருந்தது. எழுதுவது பற்றி வேறு எந்த விளக்கமும் அவர் எனக்குத் தந்ததில்லை, தேவைப்படவும் இல்லை. அவர் இன்று நம்மிடையே இல்லை. அவருடைய குடும்பத்தாருக்கு என் முதல் நன்றி.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு ஒளிபரப்பு நேரம் பெருகியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் தினத்தொடர்களும் பெருகின. தினத்தொடர் என்பதன் பொருளை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். ஒரு மணி நேரத்தில் விளம்பரங்கள் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அரைமணியில் ஆறு நிமிடம் அதற்குக் கழிய, முன்கதைச் சுருக்கமும் தலைப்புப் பாடலும் போக, நாளொன்றுக்குக் குறைந்தது 20 நிமிடக் கதை வேண்டும். வாரம் ஐந்து நாள் என்றால் ஆண்டுக்கு 260 பகுதிகள், 5,200 நிமிடங்கள். இரண்டரை மணி நேரப் படங்களாக எண்ணினால் 34 படங்களுக்கு மேல். இதை ஒருவர் எழுதுகிறார் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதே எனக்கு வியப்பு.

எங்கள் கதை இலாகாவில் நால்வர் இருந்தோம். மற்ற மூவருக்கும் நன்றி சொல்வதற்கு முன், இலாகாவில் பெயரளவில் கூட இடம்பெறாத ஓர் உதவி இயக்குநரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தொடர்ச்சி பார்ப்பது அவருடைய வேலை. எந்தக் காட்சியில் எந்தப் புடவை, எந்தக் கையில் கட்டு என்று குறித்துக்கொள்வதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. யாரும் கேட்காமலேயே ஒரு நீளக் குறிப்பேட்டில் கட்டம் போட்டு, கதையில் உள்ள ரகசியங்களை ஒரு புறமும் பாத்திரங்களை மறுபுறமும் எழுதி, எந்த ரகசியம் யாருக்கு எந்தப் பகுதியில் தெரிந்தது என்று பகுதி எண்ணோடு பதிவு செய்து வந்தார். தொடர்க்கதை நடப்பதே, ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பதால்தான். உயில் எங்கே இருக்கிறது என்பது இளைய மருமகளுக்குத் தெரியுமா, தெரிந்தது மாமியாருக்குத் தெரியுமா என்ற கணக்கில் ஒரு புள்ளி தவறினாலும் ஒரு மாத உழைப்பு கேலிக்குரியதாகிவிடும். ஒருமுறை, அந்த மருமகள் உண்மையைக் கேட்டு அதிர்ந்து நிற்பதாக நான் ஒரு வாரக் காட்சிகளையே எழுதி அனுப்பிவிட்டேன். இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, "சார், 212ஆம் பகுதியிலேயே இதை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டாரே" என்றார் அவர். விடிவதற்குள் காட்சிகளை மாற்றினோம்: தெரிந்தும் தெரியாதவள்போல நடிப்பவளாக அந்த மருமகள் மாறினாள். அத்தொடரில் மிகவும் பேசப்பட்ட திருப்பம் அதுதான். அதற்காக எனக்குக் கிடைத்த பாராட்டுகள் அனைத்தும் அந்தக் குறிப்பேட்டுக்கு உரியவை.

படப்பிடிப்புத் தளத்தின் ஒரு மூலையில் அமர்ந்து, ஒப்பனை முடிந்து காத்திருப்பவர்களின் பார்வை முதுகில் உறுத்த, காட்சித்தாள்களை எழுதித் தந்த வசன ஆசிரியர்களுக்கு நன்றி. பின்னணிக் குரல் கலைஞர்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் கதாநாயகிகளில் சிலருக்குத் தமிழ் தாய்மொழியன்று. உதட்டசைவுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகக் குரல் கலைஞர்கள் அங்கேயே நின்று மாற்றிய சொற்கள் பல இடங்களில் நாங்கள் எழுதியதைவிட நல்ல தமிழாக இருந்தன. அடுத்து, கதையின் நடுவில் ஒரு நடிகர் விலகும்போது "இவருக்குப் பதில் இவர்" என்ற அறிவிப்போடு வந்து நின்றவர்கள். முன்னவரின் முகத்தைப் பார்வையாளர்கள் மறக்க மறுத்த வாரங்களில் விழுந்த வசவுகளையெல்லாம் அவர்களே வாங்கிக்கொண்டார்கள். முன்னவர் விலகியதற்குப் பெரும்பாலும் எங்கள் கால அட்டவணையே காரணம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எழுத்தாளனாக இருந்தவரை "மண்டபத்தில் நூறு பேர் கூடியிருக்கிறார்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனவன் நான். தயாரிப்பாளரான முதல் வாரத்திலேயே, எங்கள் தயாரிப்பு நிர்வாகி அந்த வரியை அடிக்கோடிட்டு, "நூறு பேரா, நூறு பேரின் சத்தமா?" என்று கேட்டார். பன்னிரண்டு துணை நடிகர்களையும் ஒலிப்பதிவையும் கொண்டு அக்காட்சியை எடுத்தோம். குறை எதுவும் தெரியவில்லை. எழுத்தாளனும் தயாரிப்பாளனும் ஒரே நாற்காலியில் அமர்ந்து சண்டையிடும்போது நடுவில் நின்று தீர்த்துவைத்தவர் எப்போதும் அவர்தான்.

நான் சொந்தமாகத் தயாரித்த முதல் தொடரை, ஒரு வார முன்னறிவிப்போடு நிறுத்தச் சொன்னார்கள். எந்த அலைவரிசை என்பது இப்போது தேவையில்லை. எடுத்து முடித்த 11 பகுதிகள் ஒளிபரப்பாகாமல் கையில் நின்றன. ஒளிபரப்பு நேரத்துக்காக அலைவரிசைக்குச் செலுத்திய தொகைக்கு விளம்பர வருவாய் ஈடாகவில்லை. அதற்குப் பிந்தைய ஏழு மாதங்களில் கேமரா வாடகைக்குத் தந்தவர் ஒருமுறைகூடக் கணக்குக் கேட்டு ஆளனுப்பவில்லை. படத்தொகுப்பாளர், ஊதியம் நிலுவையில் இருக்கும்போதே, அந்த 11 பகுதிகளின் பதிவுகளைத் தம்மிடம் பத்திரமாக வைத்திருந்தார். ஒளியமைப்புக் குழுவினர் அடுத்த தொடருக்கு முன்பணம் வாங்காமல் வந்து விளக்குகளை ஏற்றினார்கள். அவர்கள் அன்று வேறு இடத்துக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

நன்றியோடு ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. வாராந்தரப் பார்வையாளர் புள்ளி ஏறியதைக் கண்டு, முடிந்துபோன ஒரு கதையை, ஓர் ஆள்கடத்தலைச் சேர்த்து எட்டு மாதம் நீட்டினேன். இலாகாவில் இருந்த பெண் எழுத்தாளர், "இந்தக் கடத்தலுக்குப் பிறகு இவர்கள் மனிதர்களாக இருக்க மாட்டார்கள்" என்று எழுத்துமூலமாகவே எதிர்ப்புத் தெரிவித்தார். நான் கேட்கவில்லை. புள்ளி மேலும் மூன்று மாதம் ஏறியது, பிறகு சரிந்தது. பாத்திரங்கள் அவர் சொன்னபடியே ஆனார்கள். அவர் விலகிப் போகாமல் அந்த எட்டு மாதங்களையும் உடனிருந்து எழுதிக் கொடுத்தார்.

2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்காகப் போராடிய எழுத்தாளர்களுக்கும் இசைக் கலைஞர்களுக்கும் நன்றி. ஒப்பந்தத்தில் என்ன எழுதி வாங்கினாலும், உரிமைத்தொகை பெறும் உரிமை படைத்தவரை விட்டுப் போகாது என்ற நிலையை அத்திருத்தம் ஏற்படுத்தியது. தயாரிப்பாளர் என்ற முறையில் அப்போது நான் மேசையின் மறுபக்கம் அமர்ந்திருந்தேன், மனத்துக்குள் அவர்கள் பக்கம் நின்றபடி.

பார்வையாளர்களில் ஒருவரை மட்டும் தனித்துச் சொல்ல வேண்டும். மூச்சுக்குழாய் பொருத்தப்பட்ட தாத்தா பேரனிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு உயிர் விடுவதாக ஒரு காட்சி எழுதியிருந்தோம். அக்குழாய் குரல் நாண்களுக்கு இடையே செல்வதால் நோயாளியால் பேச இயலாது என்று ஒரு செவிலியர் கடிதம் எழுதினார். கோபம் சிறிதும் இல்லாத கடிதம். அன்று முதல் எங்கள் மருத்துவமனைக் காட்சிகள் அனைத்தையும், இரவுப் பணி முடிந்து வந்ததும் அவர் தொலைபேசியில் கேட்டுத் திருத்தித் தந்தார். ஊதியம் தர முயன்றபோதெல்லாம் மறுத்தார்.

2020 மார்ச்சில் படப்பிடிப்புகள் நின்றபோது எங்கள் கையிருப்பில் இருந்தவை ஆறே பகுதிகள். பின்னர் ஆட்கள் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடுகளோடு அனுமதி கிடைத்தபோது, ஒருவரையொருவர் தொடாத, ஓர் அறையில் மூவருக்கு மேல் இல்லாத காட்சிகளாகவே எழுத வேண்டியிருந்தது. முகக்கவசத்தோடு ஒத்திகை பார்த்து, கழற்றிய நொடியில் உணர்ச்சியைப் பிடித்துக்கொண்ட நடிகர்களையும், தம் குடும்பங்களை விட்டுத் தளத்திலேயே தங்கிய தொழில்நுட்பக் கலைஞர்களையும் மறப்பதற்கில்லை.

அந்த நீளக் குறிப்பேடுகள் ஒன்பதையும் அவற்றை எழுதியவரிடமே ஒப்படைத்துவிட்டேன். அவர் இப்போது தம் முதல் தொடரை இயக்கத் தொடங்கியிருக்கிறார். கடைசிக் கட்டப் படப்பிடிப்பின் படிக்காசு இன்னும் வந்து சேராதவர்கள் தயாரிப்பு நிர்வாகியிடம் தெரிவியுங்கள். பட்டியல் அவரிடம் இருக்கிறது. அதில் உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் பட்டியலே தவறு.

நன்றியுடன்,
உங்கள் தொடரின் எழுத்தாளரும் தயாரிப்பாளரும்