ஜூன் விடுமுறைக்கு முன் சாமான் பட்டியல் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை முடிகிறது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி நடந்த கதை சொல்லும் போட்டியில் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள், விளையாட்டு விழாவும் நல்லபடி முடிந்தது, உதவிக்கு வந்த எல்லாருக்கும் நன்றி.

சரி, சாமான் பட்டியலுக்கு வருகிறேன். தொடக்கநிலை 2, 3 பிள்ளைகளிடம் வாரம் ஒரு முறை வீட்டுக்கு வாங்க வேண்டியதைத் தமிழில் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். வந்த தாள்களில் பல, பெரியவர்கள் எழுதியவை.

உங்கள் சிரமம் புரியாமல் இல்லை. வேலை முடிந்து வீடு வரவே இரவாகிவிடுகிறது, அந்த நேரத்தில் பிள்ளை ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் எடுத்தால் யாருக்கும் பொறுமை போகும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இந்த வேலையையே கொடுத்தோம். வீட்டில் பிள்ளை கேட்பது மொளகா, தேங்கா, முட்ட. புத்தகத்தில் பார்ப்பதோ மிளகாய், தேங்காய், முட்டை. பேச்சும் எழுத்தும் சந்திக்கிற இடம் உங்கள் சமையலறைதான்.

தொடக்கநிலை 3 மாணவி ஒருத்தியின் தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. 'மொளகா' என்று எழுதி அடித்திருக்கிறாள், பக்கத்தில் 'மிலகாய்', அதையும் அடித்துவிட்டுக் கீழே 'மிளகாய்'. "தூள் பாக்கெட்டப் பாத்துத் திருத்தினேன் டீச்சர்" என்றாள். தாளின் ஓரத்தில் மஞ்சள் கறை.

அதனால் கண்டிப்பாகவே சொல்கிறேன்: மூன்றாம் தவணையிலிருந்து பெரியவர் கையெழுத்தில் வரும் பட்டியலை ஆசிரியர்கள் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பிழையோடு வரட்டும், எந்த எழுத்தில் பிள்ளை தடுமாறுகிறது என்று எங்களுக்கும் தெரியும். பிழைக்காக யாரையும் திட்ட மாட்டோம்.

விடுமுறையில் தேக்கா சந்தைக்குப் போனால் பட்டியல் பிள்ளை கையில் இருக்கட்டும், அது வாசிக்க வாசிக்க நீங்கள் வாங்குங்கள். மசாலா டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். சீரகமும் சோம்பும் மாறிப்போனால் மோந்து பார்த்து மாற்றட்டும். பாட்டி ரசம் வைக்கும் விதத்தைச் சொல்லச் சொல்ல எழுதலாம். வீட்டுப் பணிப்பெண்ணுக்குத் தமிழ் தெரியாதா, தமிழில் எழுதியதைப் பிள்ளையே அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லட்டும், அதுவும் வாசிப்புதான்.

இரவு வேலை பார்க்கும் ஒரு அப்பா, மகன் எழுதிய பட்டியலைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு காலையில் நேரே கடைக்குப் போகிறாராம். அவருக்கும், இப்படிச் சத்தமில்லாமல் நேரம் ஒதுக்கும் உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. விடுமுறை முடிந்து பார்ப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்