குட்டி பேஸுக்கு ஒரு வக்காலத்து

பெரம்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் மகனுக்கு வேலை கிடைத்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெங்களூர் வாடகையை நினைத்தால்தான் பகீர் என்கிறது. இங்கே மெட்ரோவுக்குத் தோண்டியதில் எந்தத் தெரு எங்கே போய் முட்டும் என்று ஆட்டோக்காரருக்கே தெரியவில்லை. ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு ஓட்டேரி வரை போய் வருவதற்குள் பிராணன் போகிறது. முட்டிவலி இருக்கிறது, கச்சேரியும் இருக்கிறது.

சரி, அதை விடு. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய்: “இன்னும் அந்தப் பொம்மை கிடாரையா கட்டி அழுகிறாய்?” இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

நான் வாசிக்கும் மஸ்டாங் பேஸை, பாட்டுக்குக் கீழ்ச்சுருதியில் அடித்தளம் போடும் அந்தக் கிடாரை, 1966-இல் ஃபெண்டர் கம்பெனி கொண்டுவந்தபோது மாணவர்களுக்கான மலிவு கிடார்களோடு சேர்த்துத்தான் வைத்தது. அந்த முத்திரை இன்றுவரை அழியவில்லை. லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். எல்லோரும் அதையே இலக்கணமாக எடுத்துக்கொண்டார்கள். மஸ்டாங் 30 அங்குலம். நாலு அங்குலம் குறைந்தால் ஆம்பளைத்தனமே குறைந்துவிடும் என்று நம் ட்ரூப்காரர்களுக்கு ஒரு நினைப்பு. பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியின் வயலின் மாதிரி இருக்கும் ஹாஃப்னரும் 30 அங்குலம்தானே, அதை எவனாவது பொம்மை என்கிறானா? மஸ்டாங்கையே ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பில் வைமன் வாசித்திருக்கிறார், டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் டினா வேமவுத் வாசித்திருக்கிறார். நமக்குத்தான் கௌரவக் குறைச்சல்.

எங்கள் கோயரில் எட்டாவது படிக்கிற ஒரு பெண் பேஸ் கற்றுக்கொள்கிறாள். 34 அங்குலப் பெரிய பேஸில் முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைதான் ஃப்ரெட்) ஆள்காட்டி விரலை வைத்துவிட்டுச் சுண்டுவிரலை நாலாவது ஃப்ரெட்டுக்கு நீட்டினால், மணிக்கட்டு மடங்கி, தோள் காதுவரை ஏறிவிடும். மூச்சையும் பிடித்துக்கொள்வாள். போன மாதம் மஸ்டாங்கைக் கையில் கொடுத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, தோள் தானாகவே இறங்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்: அந்த முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை பெரிய பேஸில் கிட்டத்தட்ட 130 மில்லிமீட்டர், இதில் 114. ஒன்றரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ராஜா சார் பாட்டில் பேஸ் ஓரிடத்தில் நிற்காது, மேலே போய் எதிர்ப்பாட்டுப் பாடிவிட்டு அடுத்த ஸ்வரக்கூட்டுக்குள் கீழே வந்து நிற்க வேண்டும். அந்த ஓட்டத்தில் இந்த ஒன்றரை சென்டிமீட்டரைத் திரும்பத் திரும்பத் தாண்டிக்கொண்டே இருக்கிறோம். நாலு மணி நேரக் கல்யாண மேடை முடிந்தபின் கை சொல்லும் அதன் அருமையை.

அப்புறம், இழுவிசை. அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால், நீளம் 34-லிருந்து 30-க்கு வரும்போது இழுவிசை 22 சதவீதம் குறைகிறது. கம்பி விரலுக்கு வளைந்து கொடுக்கிறது. கானாக்காரர் ஒரு சொல்லை இழுத்துச் சறுக்கி இறக்கும்போது, நீயும் கம்பியைத் தள்ளி அவர் கூடவே போகலாம். பெரிய பேஸில் இதையே செய்ய விரல் நுனி காய்த்திருக்க வேண்டும்.

சத்தம் எப்படி என்று கேட்பாய். “தும்” என்று உருண்டையாக விழும், கணகணப்பு குறைவு. தனியாக அறையில் உட்கார்ந்து வாசித்தால் பெரிய பேஸ்தான் கம்பீரம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டோலக்கும் தப்பும் கீபோர்டும் ஒரே நேரத்தில் இறங்குகிற மேடையில் அந்தக் கணகணப்பு யாருக்கு வேண்டும்? நாமே கம்பி வந்து முடிகிற பிரிட்ஜ் பக்கத்தில் ஸ்பாஞ்சைச் சொருகி அதை அடக்கியவர்கள்தானே! டோலக்கின் இடது பக்கத்து அடியோடு ஒட்டி விழுந்து, அடுத்த அடிக்குள் அடங்கிவிடுகிற சத்தம்தான் நமக்கு வேண்டியது.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப்பைப் பற்றி யாருமே பேசுவதில்லை, எனக்கோ அதுதான் பெரிய விஷயம். மஸ்டாங்கின் பழைய வடிவத்தில் பிக்கப் இரண்டு துண்டாக, ஒன்று சற்று முன்னே ஒன்று சற்றுப் பின்னே உட்கார்ந்திருக்கும். இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை, வெளியிலிருந்து வரும் இரைச்சலை ஒன்றுக்கொன்று தின்றுவிடும். நம் மேடை எப்படியென்று உனக்குத் தெரியும்: தலைக்கு மேலே சீரியல் செட், பக்கத்தில் டிம்மர், பின்னால் ஜெனரேட்டர். ஒற்றைச் சுருள் பிக்கப் வைத்த பேஸ்கள் அங்கே பாட்டுக்கு முன்னாலேயே “ம்ம்ம்” என்று ஆலாபனை ஆரம்பித்துவிடும். இது வாயைத் திறக்காது. குமிழும் இரண்டே இரண்டுதான், வால்யூமும் டோனும். இருட்டு மேடையில் தடவித் தேட வேண்டாம்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. கீழ் ஈ கம்பி, அதாவது இருப்பதிலேயே தடித்த கம்பி, கொஞ்சம் தொளதொள. அதை டி ஸ்வரம் வரை இறக்கினாயோ, சுருதி எங்கே என்று தேட வேண்டியதுதான். நான் ஈ-க்கு மட்டும் ஒரு சுற்றுத் தடிமனான கம்பி போட்டு, விரலைப் பிரிட்ஜ் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வாசிக்கிறேன், சரியாக இருக்கிறது. கம்பி கிடைப்பதும் தொல்லை. கடையில் கேட்டால் பெரிய பேஸ் கம்பியையே வெட்டிப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்தத் தடித்த பாகம் சுருதி முறுக்கும் குச்சியில் சுற்றும்போது பிசகி, சுருதி நிற்காது. உடம்புக்குள் பின்பக்கமிருந்து கம்பி கோத்து வருவதால் நீளமும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். காசிமேட்டுப் பக்கம் வாரா வாரம் வாசிப்பதால் உப்புக் காற்றில் கம்பி சீக்கிரமே துரு ஏறிவிடுகிறது. ஆனால் இதில் பாதி எந்த பேஸுக்கும் உள்ள தலைவலி.

பிப்ரவரியில் லூர்து மாதா திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருக்கிறாய். நம் வீட்டிலேயே தங்கலாம், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. வாசித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பொம்மை என்று சொல், கேட்டுக்கொள்கிறேன். வரும்போது பெங்களூரில் மஸ்டாங்குக்குச் சரியான நீளத்தில் கம்பி இரண்டு செட் வாங்கி வா. ஈ கம்பி மட்டும் 105 தடிமன். காசு இங்கே வந்ததும் தருகிறேன்.

உன்,
பழைய பேஸ்காரன்