வார்சா காலியாகத்தான் இருந்தது

ரங்கூன்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளை,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதம் மேஜை டிராயரிலேயே கிடக்கிறது. ஐந்து மாதம் ஓடிவிட்டது. திட்டுவதென்றால் திட்டிக்கொள், ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, மாடிப்படி மட்டும் இறங்க மாட்டேன் என்கிறார். காளி கோயிலில் உன் மகள் பெயருக்கு அர்ச்சனை செய்து குங்குமம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது மெட்ராஸ் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். கரண்டு பழைய கதைதான், நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல வந்தால் அன்று திருவிழா. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஜெயித்துவிட்டேன் மாப்பிள்ளை. டிப்ளமசியில், ஏழு பேர் ஐரோப்பா வரைபடத்தில் ஆடும் நம் அட்டை ஆட்டத்தில். துருக்கியை வைத்துக்கொண்டு. டிரா இல்லை, பங்கு இல்லை, தனியாக 18 சென்டர், ஜெயிக்கப் பிடிக்க வேண்டிய அத்தனை இடங்களும்.

நம்ப மாட்டாய் என்று தெரியும். இருபது வருஷமாக ஆடுகிறோம், நீ மூன்று முறை தனியாக ஜெயித்திருக்கிறாய், நான் ஒரு முறைகூட இல்லை. உன் மூன்றில் ஒன்று, நீ என்னைக் குத்திய அந்த புடாபெஸ்ட் ஆட்டம். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

ஆடியது உன் பெட்டியில்தான். பான்சொடான் நடைபாதையில் மழைக்கு நடுவே பேரம் பேசி வாங்கினாயே, அதே பெட்டி. அட்டை மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியிருக்கிறோம். இத்தாலிக்கு ஒரு கப்பல் தொலைந்துபோனதால் அந்த இடத்தில் புளியங்கொட்டை. படை நகர்வு ஆர்டரை எழுதி டின்னில் போடுவது நீ அனுப்பிய தினசரிக் காலண்டரின் கிழித்த தாள்களில். சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குச் சீட்டுக் குலுக்கினோம். நெட்டைக்கு ரஷ்யா, எனக்குத் துருக்கி. மருந்துக்கடை அண்ணனுக்கு ஆஸ்திரியா, வாத்தியார் ஸயாவுக்கு இத்தாலி, வக்கீல் அக்காவுக்கு பிரான்ஸ், மாலுமிக்கு இங்கிலாந்து. ஜெர்மனி நம் தம்பிக்கு, அவன் முதல் தடவையாக உட்கார்ந்தான். ராத்திரி யாரும் வீடு திரும்புவதில்லை என்று முன்னாடியே முடிவு. இப்போதெல்லாம் இருட்டின பிறகு தெருவில் நடப்பதை யாரும் விரும்புவதில்லை.

மூலையில் உட்கார்ந்திருக்கும் துருக்கியை அசைப்பதும் கஷ்டம், அது அசைந்து வெளியே வருவதும் கஷ்டம் என்று நீ சொல்வாய். முதல் பேச்சுக்கு அரை மணி நேரம். நான் நேராக நெட்டையைப் பால்கனிக்குக் கூட்டிப்போனேன். கருங்கடலில் நீயும் இறங்காதே, நானும் இறங்க மாட்டேன், ஆஸ்திரியாவை இரண்டு பேரும் பிரித்துக்கொள்வோம் என்றேன். அவன் யோசிக்கவே இல்லை. “சரி, உன்னை நம்பாம யாரை நம்பறது” என்றான். ஆட்டக் கணக்கில் 1901 வசந்தத்தில் என் அங்காரா கப்பல் கான்ஸ்டான்டினோபிளுக்குப் போனது, அவன் செவஸ்டபோல் கப்பல் ருமேனியாவுக்குப் போனது. கருங்கடல் காலி. அதைப் பார்த்த மருந்துக்கடை அண்ணன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அண்ணன் 1904இல் வெளியே போனார். செர்பியாவும் கிரீஸும் எனக்கு, புடாபெஸ்டும் வியன்னாவும் நெட்டைக்கு, ட்ரியெஸ்டை ஸயா நைசாகத் தட்டிக்கொண்டார். அதோடு சுலபமான பகுதி முடிந்தது.

அயோனியன் கடலை ஸயா விடவே இல்லை. இத்தனை வருஷம் பூகோளப் பாடம் நடத்தியவருக்கு அந்தக் கடலில் என்ன கிடைக்கும் என்று தெரியாதா? நான் ஈஜியனிலிருந்து இடித்தேன், கிரீஸும் கிழக்கு மத்தியதரைக் கடலும் துணை. மொத்தம் மூன்று பலம். அவருடைய புளியங்கொட்டை அயோனியனில் அசையாமல் நின்றது, நேப்பிள்ஸும் டிரேனியன் கடலும் அதற்குத் துணை. அங்கேயும் மூன்று. மூன்றும் மூன்றும் மோதினால் யாரும் நகர்வதில்லை. வசந்தம், இலையுதிர், மறுபடி வசந்தம், ஒவ்வொரு தடவையும் அதே கதை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அத்தோ வந்தது, ஸயா கையைக்கூடக் கழுவாமல் அட்டையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

அப்போதுதான் அக்காவிடம் போனேன். மேற்கு மத்தியதரைக் கடலில் நிற்கும் உங்கள் கப்பல் டிரேனியனை ஒரு இடி இடித்தால் போதும், ஜெயிக்க வேண்டியதில்லை, துணை அறுந்தால் போதும் என்றேன். பதிலுக்கு ட்யூனிஸ் வேண்டும் என்றார் அக்கா. “கடைசி வரைக்கும் தொட மாட்டேன்” என்று சொன்னேன். மாப்பிள்ளை, இதைக் கவனி, அந்த வாக்கை ஆட்டம் முடியும்வரை காப்பாற்றினேன். 1905 இலையுதிரில் அக்கா இடித்தார், டிரேனியன் துணை அறுந்தது, புளியங்கொட்டை அயோனியனை விட்டு வெளியே போனது. ஒரு கடல் திறந்தால் நாலு கதவு திறக்கிறது என்பதை அன்றுதான் கையால் தொட்டுப் பார்த்தேன். 1906இல் நேப்பிள்ஸும் ட்ரியெஸ்டும், 1907இல் ரோம், 1908இல் வெனிஸ். ஸயா எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்துவிட்டு, இனிமேல் சீட்டுகளை நான் வாசிக்கிறேன் என்று பிஸ்கட் டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது மணி பன்னிரண்டு இருக்கும். எனக்கு 10, நெட்டைக்கும் 10. அவன் வடக்கே ஸ்வீடன், நார்வே, பெர்லின் என்று போய்க்கொண்டிருந்தான். பிரான்ஸ் 7, இங்கிலாந்து 5, தம்பிக்கு 2. இப்படியே போனால் எங்கள் இருவருக்கும் டிரா நிச்சயம். நெட்டை அதைத்தான் எதிர்பார்த்தான். எட்டு வருஷமாக செவஸ்டபோலில் ஒரு படைகூட நிறுத்தவில்லை, என்னை நம்பி.

நீ ஒரு தடவை சொன்னாய்: பகடை கிடையாது, சீட்டுக்கட்டு கிடையாது, இந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட வழியே இல்லை என்று. இதைக் கண்டுபிடித்த ஆலன் கால்ஹமர் கதையையும் நீதான் சொன்னாய். 1954இல் உருவாக்கி, எந்தக் கம்பெனியும் எடுக்காததால் 1959இல் தன் காசில் 500 பெட்டி போட்டு, பின்னால் தபால்காரராக வேலை பார்த்தவர். ஊரெல்லாம் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த மனிதன்தான் ஏழு பேரை ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்ற உட்காரவைத்தான் என்று அன்றைக்கு நாம் ஆச்சரியப்பட்டோம். அந்த ராத்திரி எனக்கு அதெல்லாம் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு மணிக்கு கரண்டு போனது. இன்வெர்ட்டர் பல்பு ஒன்றுதான். காலண்டர் தாளை எடுத்தேன். பல்கேரியா – ருமேனியா. செர்பியா துணை. கான்ஸ்டான்டினோபிள் கப்பல் – கருங்கடல். “கருங்கடல்” என்ற சொல்லை எழுதும்போது பேனா ஒரு இடத்தில் நின்றது. பக்கத்தில் நெட்டை தட்டிலிருந்த கடலையை எனக்கும் சேர்த்து உரித்துக்கொண்டிருந்தான். சீட்டை நாலாக மடித்து டின்னில் போட்டேன்.

ஸயா வாசித்தபோது நெட்டை சத்தம் போடவில்லை. உரித்த கடலையை என் பக்கம் தள்ளி வைத்தான், அவ்வளவுதான்.

1909இல் ருமேனியா, புடாபெஸ்ட், செவஸ்டபோல். மறு வருஷம் வியன்னா, அவன் சொந்த ஊர்களான வார்சா, மாஸ்கோ. 1911இல் பீட்டர்ஸ்பர்க். 17. அங்கே போய்ச் சிக்கிக்கொண்டேன். மேற்கில் இருப்பவர்கள் எல்லாரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். ட்யூனிஸைத் தொட்டிருந்தால் அன்றே முடிந்திருக்குமோ என்னவோ, தொடவில்லை. மிச்சம் இருந்த ஒரே வழி மியூனிக். அதில் தம்பியின் கடைசிப் படை. டிரோலிலிருந்து நான் இடிக்க வேண்டும், பொஹீமியாவும் சிலேசியாவும் துணை, மூன்று பலம். அந்தப் பக்கம் மியூனிக், அதற்கு பர்கண்டியிலிருந்து அக்கா துணை, பெர்லினிலிருந்து நெட்டை துணை. அங்கேயும் மூன்று. கீலில் மாலுமி நின்றான், ஆனால் அது கப்பல், கரைக்குள்ளே உதவ முடியாது. 1912 வசந்தத்தில் மோதினேன், யாரும் நகரவில்லை. அயோனியன் கதையேதான், இந்தத் தடவை நெட்டை எதிர்ப்பக்கம்.

மணி நாலு. நெட்டை என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டான். குத்து வாங்கின பிறகு அவன் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை. கீழே தெரு முழுக்க இருட்டு, ஒரு வீட்டில் மட்டும் ஜெனரேட்டர் சத்தம். அவன் மியூனிக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. “வார்சால எத்தனை படை வச்சிருக்கே?” என்று கேட்டான்.

“ஒண்ணும் இல்லை. காலி” என்றேன். உண்மை. அங்கே இருந்த படையைத்தான் சிலேசியாவுக்குக் கொண்டுவந்திருந்தேன். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஸயா வாசித்த வரிசையை அப்படியே எழுதுகிறேன். முதலில் என் சீட்டு: டிரோல் – மியூனிக், இரண்டு துணை. அடுத்து அக்கா: பர்கண்டி, மியூனிக்குக்குத் துணை. தம்பி: மியூனிக் நிற்கிறது. மாலுமி ஏதோ கப்பல் நகர்வு. கடைசியாக நெட்டையின் தாள். ஸயா அதைப் பல்புக்குக் கிட்டே பிடித்து இரண்டு தடவை பார்த்தார். “பெர்லின் படை, ப்ரஷ்யா.”

மூன்றுக்கு இரண்டு. மியூனிக் விழுந்தது. 18.

அக்கா எழுந்து, “நீ அங்கேயே இருந்திருந்தா இவன் ஜெயிச்சிருக்கவே முடியாதுடா!” என்று நெட்டையிடம் கத்தினார். ப்ரஷ்யாவிலிருந்து வார்சாவுக்கு அடுத்த நகர்வு. நான் பயந்துபோய் சிலேசியாவை வார்சாவுக்குத் திருப்புவேன் என்று கணக்குப் போட்டானாம். ஆனால் அக்கா அதட்டியபோது அவன் அந்தக் கணக்கைச் சொல்லவில்லை. “எனக்கு என் ஊருக்குப் போகணும்னு இருந்துச்சுக்கா” என்றான். விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நாங்கள் மற்ற ஆறு பேரும் மொய்ங்கா சாப்பிடப் போனோம், எல்லாரும் என்னைத் தோளில் தட்டினார்கள்.

மாப்பிள்ளை, எனக்கு ரொம்ப சந்தோஷம். அதை மறைக்க மாட்டேன். பன்னிரண்டு வருஷ ஆட்டத்தையும் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன், அயோனியனை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் மூன்று வாரமாக நெட்டை டீக்கடைக்கு வரவில்லை. போன் எடுத்தால் “வேலை இருக்கு” என்று வைத்துவிடுகிறான். எழுதும்போதே கேட்கிறேன், கருங்கடல் தப்பா? ஆட்டத்தில் அது தப்பில்லை, அப்படி ஆடவில்லை என்றால் ஏன் உட்கார வேண்டும்? வார்சா காலி என்று சொன்னதும் பொய் இல்லை. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. பொய் சொல்லி ஏமாற்றியதைவிட, உண்மையைச் சொல்லி அவனை அனுப்பியதுதான் உறுத்துகிறது.

பெட்டியை அடுக்கும்போது ரஷ்யாவின் வெள்ளைப் படைக் கட்டை ஒன்று குறைந்தது. சோபாவுக்கு அடியில் எல்லாம் தேடினேன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெருவிலிருந்து இழுக்கும் பால்கனிக் கயிற்று மணி அடித்தது. தண்ணீர் பாட்டில்காரப் பையன் என்று நினைத்துக் கயிற்றை இழுத்தேன். கிளிப்பில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே அந்த வெள்ளைக் கட்டை. வேறு ஒன்றும் இல்லை, துண்டுச் சீட்டுகூட இல்லை. எட்டிப் பார்த்தால் நெட்டை கீழே நின்றுகொண்டிருந்தான், அண்ணாந்து பார்த்தபடி. “மேலே வாடா, டீ போடுறேன்” என்று கத்தினேன். “இன்னிக்கு வேணாம்” என்று கையைக் காட்டிவிட்டு நடந்தான். அஞ்சு மாடி இறங்கி ஓடுவதற்குள் மார்க்கெட் கூட்டத்தில் கலந்துவிட்டான்.

புடாபெஸ்ட் நடந்த மறுநாள் காலையில் நீ என் வீட்டுக்கு மொய்ங்கா தூக்கில் எடுத்துக்கொண்டு வந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை, சாப்பிட்டோம், முடிந்தது. அன்று வரும் வழியில் என்ன நினைத்துக்கொண்டு வந்தாய் என்று நான் உன்னைக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். ஒரு வரி எழுது. முடிந்தால் நெட்டைக்கும் ஒரு போன் போடு, நீ பேசினால் கேட்பான்.

மகளுக்கு என் ஆசீர்வாதம். வருகிறவர் யாரிடமாவது இந்த வருஷத்துக் காலண்டர் இன்னொன்று கொடுத்தனுப்பு, தாள் தீர்ந்துவிட்டது.

உன்
மாப்பிள்ளை