சுருதியை இறக்குமுன் இழுவிசையைக் கணக்கிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்து, ஆறு தந்தி பேஸ் கிடார்கள் பற்றி உங்கள் இசைப் பக்கத்தில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால், வழக்கமான சுருதியை விட்டு வேறு ட்யூனிங்குக்குப் போகிறவர்கள் கிடைப்பதிலேயே தடித்த தந்தி செட்டை வாங்கிப் போட்டால் போதும் என்ற தொனியில் அதில் ஒரு வரி வருகிறது. அதை நம்பி நட்டை (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் காடிகள் உள்ள சிறு கட்டையை) ராவி விட்டால் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். பெரும்பாலும் புது நட்தான் போட வேண்டும். ஆகவே இந்தத் திருத்தம்.

தந்தியின் தடிமனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் சொல்வது வழக்கம். 'நூற்று முப்பது' என்றால் 0.130 அங்குலம். 34 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து, உடல் பக்கம் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் வரை, தந்தி அதிரும் நீளம்) உள்ள ஐந்து தந்தி பேஸில் 45-65-85-105-130 நிக்கல் ரவுண்ட்வவுண்ட் (வட்டக் கம்பி சுற்றிய) செட்டைப் போட்டு, உயர்ந்த சுருதியிலிருந்து ஜி, டி, ஏ, ஈ, பி என்று வழக்கம்போல் வைத்தால், இழுவிசை முறையே ஏறத்தாழ 19, 23, 22, 18, 15.5 கிலோ வரும். நெக்கின் (கிடாரின் கழுத்துப் பகுதியின்) மேல் மொத்தம் கிட்டத்தட்ட 100 கிலோ. கைக்குப் பழகிப்போன 'இறுக்கம்' என்பது இந்த எண்கள்தான். வேறு சுருதிக்குத் தந்தி தேடுவது என்றால், புதிய சுருதியில் இதே எண்களுக்குப் பக்கத்தில் வரும் தந்தியைத் தேடுவது.

இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். அதனால் ஓர் அரைச்சுரம் இறக்கினாலே 11 சதவீதம் போய்விடும். முழுச்சுரம் இறக்கினால் 21 சதவீதம். ஐந்து அரைச்சுரம் இறக்கினால் 44 சதவீதம். மேலே சொன்ன செட்டை அப்படியே முழுச்சுரம் இறக்கி ஏ-டி-ஜி-சி-எஃப் என்று வைத்தால், நெக்கிலிருந்து 20 கிலோ கழன்றுவிடும். அப்போது இரண்டு கோளாறு சேர்ந்து வரும். தந்தி தளர்ந்து அகலமாக ஆடும். அதே நேரத்தில் ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கம்பி) எதிர்ப்பில்லாமல் நெக்கைப் பின்னால் வளைத்துவிடும். முதல் நான்கைந்து ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்குக் கம்பியில்) கரகரவென்று சத்தம் வந்தால், பலர் தந்தியைக் குறை சொல்வார்கள். பாதிக் குற்றம் நெக்கினுடையது.

எவ்வளவு தடிக்க வேண்டும் என்பதற்குச் சுலபமான வழி உண்டு. சுற்றுக்கம்பி போட்ட தந்தியின் எடை, தடிமனின் வர்க்கத்தை ஒட்டியே போகும். ஆகவே ஒவ்வோர் அரைச்சுர இறக்கத்துக்கும் தடிமனை 1.06 ஆல் பெருக்கினால் பழைய இழுவிசை திரும்பிவிடும். முழுச்சுர இறக்கத்துக்கு 130 என்பது 146 ஆகும், 105 என்பது 118, 85 என்பது 95, 65 என்பது 73, 45 என்பது 50. சந்தையில் கிடைக்கும் அளவுகளில் 145-120-95-75-50 என்று தனித்தனியாக எடுத்தால் கணக்கு சரியாகிவிடும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், ஸ்கேல் நீளத்தை அங்குலத்தில் எடுத்து இரண்டால் பெருக்கி, அதிர்வெண்ணால் பெருக்கி, வர்க்கமாக்கி, தந்தியின் ஓர் அங்குல எடையால் பெருக்கி, 386.4 ஆல் வகுங்கள்; விடை பவுண்டில் வரும். டி'அடாரியோ போன்ற தந்தித் தயாரிப்பாளர்கள் அந்த எடைப் பட்டியலை வெளியிட்டிருக்கிறார்கள். பி தந்திக்கு 30.87 ஹெர்ட்ஸ், ஏ-க்கு 27.5, பி-க்கு ஐந்து அரைச்சுரம் கீழே உள்ள எஃப் ஷார்ப்புக்கு 23.12. நிறுவனத்துக்கு நிறுவனம், ஃப்ளாட்வவுண்டுக்கும் (தட்டைக் கம்பி சுற்றியதற்கும்) ரவுண்ட்வவுண்டுக்கும், ஒரே தடிமனில் எடை மாறும் என்பதால் ஒருவர் பட்டியலை இன்னொருவர் தந்திக்கு வைத்துப் பார்க்கக் கூடாது.

கீழ்த் தந்தியை மட்டும் பி-யிலிருந்து ஏ-க்கு இறக்குபவர்கள் முழுச் செட்டையும் மாற்றத் தேவையில்லை. 145 போட்டால் ஏ-யில் 15 கிலோ, பி-யில் 19 கிலோ. 135 போட்டால் ஏ-யில் 13, பி-யில் 16. ஒரே நிகழ்ச்சியில் இரண்டு சுருதிக்கும் மாறி மாறிப் போகிறவருக்கு 135 தான் நல்லது. எப்போதும் ஏ-யிலேயே இருப்பவர் 145 எடுக்கலாம். நான்கு தந்தி பேஸில் பி-ஈ-ஏ-டி வைக்க விரும்புபவர் கணக்கே போட வேண்டாம்: ஐந்து தந்திச் செட்டில் ஜி-யை ஒதுக்கிவிட்டு மற்ற நான்கையும் மாட்டினால் போதும்.

ஐந்தாம் சுர இடைவெளியில், அதாவது ச-ப முறையில், தந்தி வைப்பதுதான் உண்மையில் கணக்கைச் சோதிக்கும் ட்யூனிங். கீழிருந்து சி-ஜி-டி-ஏ-ஈ என்று ஐந்து தந்திக்கு வைத்தால், கடையில் வழக்கமாகக் கிடைக்கும் செட் பொருந்தாது. சாதாரண 45-ஐ ஜி-யிலிருந்து ஏ-க்கு ஏற்றினால் 24 கிலோவுக்கு மேல் போய்விடும், விரல் நோகும். 130-90-60-40 என்று எடுத்தால் நான்கும் 17.5-க்கும் 20-க்கும் நடுவில் அடங்கும். மேல் ஈ-க்குச் சுற்றில்லாத வெறுங்கம்பி, 24 அல்லது 25. அதுவும் ஏறத்தாழ 19, 20 கிலோவில் நிற்கும். வெறுங்கம்பியைச் சாதாரண கிடார் தந்தியிலிருந்து எடுப்பவர்கள் முதலில் பிரிட்ஜிலிருந்து ட்யூனர் (முறுக்காணி) வரை நூல் பிடித்து அளந்து, தந்தி எட்டுமா என்று பார்க்க வேண்டும். கிடார் தந்தியின் முனைக் குண்டு சிறியது, பேஸ் பிரிட்ஜின் துளை வழியே உருவிக்கொண்டு வந்துவிடும். பழைய பேஸ் தந்தியின் குண்டு ஒன்றைக் கழற்றி, அதன் ஓட்டை வழியே கிடார் தந்தியைக் கோத்தால் பிடித்துக்கொள்ளும்.

இனி தடித்த தந்திக்கு வருவோம். எஃப் ஷார்ப் வேண்டும் என்று 34 அங்குல பேஸில் கேட்டால், கணக்குப்படி 174 தடிமன் தேவை. காகிதத்தில் சரி, காதுக்குச் சரியில்லை. தடிமன் கூடக் கூடத் தந்தி கம்பியாக நடந்துகொள்வதை விட்டு இரும்புக் கழியாக நடந்துகொள்ளும். மேல் அதிர்வுகள் எல்லாம் சுருதியை விட்டு ஏறி நிற்கும். சுருதி பார்க்கும் கருவி சரி என்று காட்டும், காது ஒப்புக்கொள்ளாது. இதற்கு மருந்து நீளம். தேவையான தடிமன் நீளத்துக்கு எதிர் விகிதத்தில் குறையும்: 37 அங்குல ஸ்கேலில் அதே எஃப் ஷார்ப்புக்கு 160 போதும். 35 அங்குலத்தால் கிடைப்பது 6 சதவீத இழுவிசைதான், அரை அரைச்சுரத்துக்குச் சமம். அதற்காக மட்டும் கிடாரை மாற்றுவது வீண். 34 அங்குலத்தில் 145-உடன் நிறுத்திக்கொள்வதுதான் என் கணிப்பு. அதற்குக் கீழே போக விரும்புபவர் ஃபேன்ட் ஃப்ரெட் (ஃப்ரெட்டுகள் விசிறிபோல் சாய்ந்து, கீழ்த் தந்திக்கு அதிக நீளம் தரும் அமைப்பு) உள்ள கருவியைத் தேடட்டும். கீழ்த் தந்தி மற்றவற்றைவிட இரண்டு மூன்று கிலோ தளர்வாக இருப்பதில் தவறில்லை. வழக்கமான செட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது.

வாங்குமுன் தந்தியின் இரண்டு முனையையும் பாருங்கள். பிரிட்ஜ் குண்டிலிருந்து நட் வரை உள்ள தூரத்தைவிடச் சுற்றுக்கம்பியின் நீளம் கூடுதலாக இருக்க வேண்டும். உடலின் பின்புறம் வழியாகக் கோக்கும் கருவியில் இந்தத் தூரம் கூடும். அங்கே சாதாரண 'லாங் ஸ்கேல்' (34 அங்குலத்துக்கான) தந்தி போட்டால் மெலியும் பகுதியோ பட்டுநூல் சுற்றோ நட்டின் மேலேயே வந்து உட்காரும், சத்தம் செத்துவிடும். சேடில் (பிரிட்ஜில் தந்தி உட்காரும் சிறு துண்டு) பக்கம் மெலிந்து வரும் டேப்பர் தந்திகள் தெளிவாகப் பேசும், ஸ்வரச் சுத்தமும் (எந்த ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பதும்) கூடும். ஆனால் அங்கே மெலிந்திருப்பதால் தந்தி தாழ்ந்து உட்காரும். சேடிலை உயர்த்த வேண்டியிருக்கும். உங்கள் சேடில் திருகில் அதற்கு இடமிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். 145-க்கு மேல் உள்ள சில தந்திகள் பிரிட்ஜ் துளையிலும் ட்யூனர் தண்டின் காடியிலும் நுழையவே மாட்டா.

நட் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 130-க்கு வெட்டிய காடியில் 145-ஐ அழுத்தினால் தந்தி அடியில் போய் உட்காராது. இரு சுவர்களிலும் கவ்விக்கொண்டு மேலே நிற்கும். ட்யூனரைத் திருப்பும்போது எதுவும் நடக்காது, திடீரென்று 'டிக்' என்று ஒரு சத்தம், சுருதி ஒரே தாவலாக ஏறிவிடும். அப்படியானால் காடியை அகலப்படுத்த வேண்டும். ஆனால் ஆழப்படுத்தக் கூடாது. தந்தியைவிட ஆயிரத்தில் இரண்டு மூன்று அங்குலம் அகலமான, வட்ட முனை நட் அரத்தால், ட்யூனர் பக்கம் லேசாகச் சரிவு வைத்து, சுவர்களை மட்டும் ராவுங்கள். மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்தால், முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். அது போய்விட்டால் திறந்த தந்தி கரகரக்கும். மறுபக்கம், 45-க்கு வெட்டிய காடியில் 25 வெறுங்கம்பி பக்கவாட்டில் ஆடி ஒலிக்கும். நிரந்தரமாக அப்படியே வைப்பவர் புது நட் போடுவதே மேல்.

பழைய தந்திகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். தடித்த தந்தியை வெட்டுமுன், வெட்டப் போகும் இடத்துக்குச் சற்று முன்னால் இடுக்கியால் செங்குத்தாக மடக்கிவிட்டு வெட்டுங்கள். நேராக வெட்டினால், குறிப்பாக வட்ட உட்கம்பி உள்ள தந்தியில், சுற்றுக்கம்பி உள்ளே வழுக்கிக்கொள்ளும். புதுத் தந்தி முதல் நாளே மந்தமாகிவிடும். தண்டில் இரண்டு மூன்று சுற்று, கீழ்நோக்கி. சுருதி வைத்ததும் சேடிலுக்கு முன்னாலும் நட்டுக்கு முன்னாலும் தந்தியை விரலால் அழுத்தி மடிப்பை உறுதியாக்குங்கள். தடித்த தந்தி தானாக மடியாது, வளைந்து நிற்கும், ஸ்வரச் சுத்தத்தைக் கெடுக்கும்.

ஒருநாள் விட்டுவிட்டு நெக்கைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு, ஏழு எட்டாவது ஃப்ரெட் அருகே 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளங்கள். மொத்த இழுவிசை குறைந்திருந்தால் ட்ரஸ் ராடைத் தளர்த்த வேண்டும், கூடியிருந்தால் இறுக்க வேண்டும்; ஒரு தடவைக்குக் கால் திருப்பு, உடனே மறுபடி சுருதி. கெட்டியாக நின்றால் அதற்கு மேல் பலம் காட்ட வேண்டாம். அதன் பிறகுதான் தந்தி உயரம், அதன் பிறகு சேடிலை முன்பின் நகர்த்தி ஸ்வரச் சுத்தம். தடித்த, தாழ்ந்த தந்திக்குச் சேடில் பின்னால் போகும். திருகு முடிந்துபோனால் அதன் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாதியாக வெட்டிப் போட்டுக் கொஞ்சம் இடம் பிடிக்கலாம். பிக்கப்பை (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கருவியை) கடைசியாகத் தாழ்த்துங்கள்: தளர்ந்த கனமான தந்தியைக் காந்தம் இழுத்துக்கொள்ளும், மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலைவது பெரும்பாலும் அதனால்தான், ட்யூனரால் அல்ல.

ஆழமான சத்தத்துக்காகத் தடிமனைக் கூட்டுபவர்களுக்கு ஒன்று. 23 ஹெர்ட்ஸை விடுங்கள், 31 ஹெர்ட்ஸையே பெரும்பாலான பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் முழுதாகத் தள்ளுவதில்லை. நாம் கேட்பது அதன் இரட்டையான 62-ஐயும் அதற்கு மேலுள்ளவற்றையும். அவை சுத்தமாக இருந்தால் காது அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். மெல்லிய உட்கம்பியும் டேப்பரும் உள்ள 135, முரட்டு 145-ஐவிட ஆழமாகக் கேட்பது அதனால்தான். ஆம்ப்பில் 30 ஹெர்ட்ஸ் அருகே ஹைபாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள அதிர்வெண்களைத் தடுக்கும் வடிப்பான்) வைத்தால் ஸ்பீக்கர் கூம்பும் வீணாக அடித்துக்கொள்ளாது.

அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் வெளியிடும்போது, தந்தித் தடிமனுக்குப் பக்கத்தில் ஸ்கேல் நீளத்தையும் சுருதியையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேஸ் கிடார் செட்டப் செய்யும் வாசகர்