பரோலில் வந்தவனும் விடுதலையானவனும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்கக் குற்றச் சிறுகதைகள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குற்றக்கதை எழுத்தாளர்கள் டேஷியல் ஹாமெட், ரேமண்ட் சாண்ட்லர், 1920-ல் தொடங்கிய ‘பிளாக் மாஸ்க்’ இதழ் எல்லாம் சரி. ஆனால் சிறைக்குப் போய்வந்து திருந்திப் பிழைக்கப் பார்க்கும் உழைப்பாளிகளின் கதைகளுக்கு ஒரே ஒரு பத்திதானா? அதிலும், வெளியே வந்தவன் பழக்கதோஷத்தால் மறுபடி உள்ளே போகிறான் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். அங்கேதான் இடிக்கிறது.

அந்தக் கதைகளில் பலர் விடுதலையே ஆவதில்லை; பரோலில் வருகிறார்கள். நமக்குப் பரோல் என்றால் அம்மாவின் சாவுக்கோ மகளின் கல்யாணத்துக்கோ சில நாள் வந்துவிட்டுத் திரும்புவது. அமெரிக்காவில் பெரும்பாலும் அது தண்டனையின் மிச்சத்தை வெளியே கழிப்பது. மேலே கண்காணிக்க ஓர் அதிகாரி இருப்பார். வேலை தேடிக்கொள்ள வேண்டும், சொல்லாமல் வீடு மாறக் கூடாது, சிறைக்குப் போன பழைய கூட்டாளிகளோடு சேரக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும், புதிதாக எந்தக் குற்றமும் செய்யாமலே திரும்ப உள்ளே போக நேரலாம்.

வேலைக்கு விண்ணப்பம் நிரப்பும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், வயது எல்லாம் எழுதியாயிற்று. ‘குற்றத்துக்காகத் தண்டனை பெற்றதுண்டா?’ என்ற வரிக்குப் பக்கத்தில் சின்னக் கட்டம். பேனா அங்கே நின்றுவிடுகிறது. ஆம் என்றால் வேலை கிடைக்காது. இல்லை என்று எழுதி, பிறகு தெரியவந்தால் வேலையும் போகும், பரோலும் போகலாம். எழுதாமல் எழுந்து வந்தால் அதிகாரிக்கு என்ன பதில் சொல்வது? இந்த இடத்தில் பழக்கதோஷம் எங்கே வந்தது? (விண்ணப்பத்தில் இந்தக் கேள்வி கூடாது என்று தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்து முதலில் சட்டம் போட்ட மாநிலம் ஹவாய், 1998-ல்.) கையிலும் காசு அதிகமிருக்காது: கலிபோர்னியாவில் வெளியே வருபவனுக்குச் சிறைவாசலில் கொடுக்கும் பணம் 200 டாலர். பல பத்தாண்டுகளாக அதே தொகைதான்.

கட்டுரையில் எழுத்தாளர் செஸ்டர் ஹைம்ஸின் பெயரே இல்லை. ஆயுதக் கொள்ளைக்காக 1928-ல் 20 முதல் 25 ஆண்டு தண்டனை பெற்று ஒஹாயோ சிறைக்குப் போனபோது அவருக்கு வயது 19. உள்ளேயே எழுதத் தொடங்கினார். 1930-ல் அந்தச் சிறையில் பிடித்த தீயில் 322 பேர் செத்தார்கள். அதை வைத்து அவர் எழுதிய கதை 1934-ல் ‘எஸ்குவயர்’ இதழில் வந்தபோது பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 59623 என்ற கைதி எண் இருந்தது. 17 வயதில் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குப் போன எழுத்தாளர் எட்வர்ட் பங்கரையும் காணோம். அவருடைய முதல் நாவல் 1973-ல் வெளியானபோது அவர் சிறையில்தான் இருந்தார்.

இந்த வகைக் கதை எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ‘கடைசியாக ஒரே ஒரு கொள்ளை, அப்புறம் ஒதுங்கிவிடுவேன்’ என்று எவனாவது ஆரம்பித்தால் நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். துப்பாக்கி வந்த பிறகு கதையில் புதிதாக ஒன்றும் நடப்பதில்லை.

ஹைம்ஸின் சிறுகதை ஒன்றையாவது தமிழில் வெளியிடுங்கள். மொழிபெயர்ப்பவரிடம் ஒரு வார்த்தை: பரோலை ‘விடுப்பு’ என்று மட்டும் போட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்