சத்தியாகிரகம்: வாசகர்கிட்ட கேட்டு வாங்கின சொல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வந்த கட்டுரையில 'சத்தியாகிரகம்'ங்கிறது சாஸ்திரத்துல இருந்து எடுத்த பழைய சொல்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க. அது சரியில்லைங்க. ரெண்டு பாதியும் வடமொழிதான், அதுல தகராறு இல்ல, ஆனா அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது 1908-ல, அதுவும் தென்னாப்பிரிக்காவுல, ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு குஜராத்தில என்ன சொல்றதுன்னு ஒரு பத்திரிகை தன்னோட வாசகர்கள்கிட்ட கேட்டதால வந்தது. நான் வேலை விஷயமா அகமதாபாத் மணிநகர்ல குடியிருக்கேன், பேசிப் பேசி குஜராத்தி எழுத்தும் பழகிடுச்சு, அதனால கொஞ்சம் விவரமாவே எழுதறேன். நீளமா இருந்தா வெட்டிக்கோங்க.

1906-ல தென்னாப்பிரிக்காவுல இருந்த டிரான்ஸ்வால் மாநில அரசாங்கம் ஆசியாக்காரங்க எல்லாரும் கைரேகை வச்சு பதிவு பண்ணிக்கணும்னு ஒரு அவசரச் சட்டம் கொண்டு வந்துச்சு. அதுக்குக் கட்டுப்பட மாட்டோம்னு அங்க இருந்த இந்தியர்கள் செப்டம்பர் 11-ந்தேதி ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டர்ல கூடி சத்தியம் பண்ணாங்க. அடுத்த வருஷம் அது முழு சட்டமாவே வந்தப்போ குஜராத்தில அதை 'கூனி காயதோ'ன்னு எழுதினாங்க, கொலைகாரச் சட்டம்னு அர்த்தம். பாருங்க, சட்டத்துக்கு சட்டுனு பேர் கிடைச்சிடுச்சு, போராட்டத்துக்குத்தான் பேரே இல்ல. 'பாசிவ் ரெசிஸ்டன்ஸ்'னு, அதாவது அடிதடி இல்லாம எதிர்த்து நிக்கிறதுன்னு, இங்கிலீஷ்லயே ஓட்டிக்கிட்டு இருந்தாங்க.

அந்த வார்த்தையில என்ன சிக்கல்னு காந்திக்கு உறைச்ச இடம் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல இருக்கிற ஜெர்மிஸ்டன். அங்க வெள்ளைக்காரங்க கூட்டம் ஒன்னு, தலைமை வில்லியம் ஹாஸ்கன், இந்தியர்களுக்கு நல்ல நண்பர், பணக்காரர். அவர் ஆதரவாப் பேசுறதா நெனச்சுக்கிட்டு, இவங்களுக்கு ஓட்டு இல்ல, எண்ணிக்கையும் கம்மி, ஆயுதமும் கிடையாது, அதனாலதான் பலவீனமானவங்களோட ஆயுதமான பாசிவ் ரெசிஸ்டன்ஸை எடுத்திருக்காங்கன்னு சொல்லிட்டார். காந்தி எழுந்து அதெல்லாம் இல்லைங்க, இது மனபலம் இருக்கிறவன் செய்யற காரியம்னு விளக்கம் சொல்ல வேண்டியதாப் போச்சு. நண்பரே இப்படிப் புரிஞ்சுக்கிட்டா மத்தவங்களை என்ன சொல்றது!

அப்புறம்தான் 1907 டிசம்பர் 28-ந்தேதி காந்தி அங்க நடத்தின 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையோட குஜராத்திப் பக்கத்துல அறிவிப்பு வந்துச்சு. இந்த இங்கிலீஷ் சொல்லுக்கெல்லாம் குஜராத்தில நல்ல சொல் சொல்லுங்க, பேரைப் போடறோம், சின்னதா ஒரு பரிசும் உண்டுன்னு. கேட்டது பாசிவ் ரெசிஸ்டன்ஸ், பாசிவ் ரெசிஸ்டர், கார்ட்டூன், சிவில் டிஸ்ஒபீடியன்ஸ். இதுல கார்ட்டூனை எதுக்குச் சேர்த்தாங்கன்னு எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு, ஆனா பத்திரிகை நடத்துறவனுக்கு தினப்படி தேவைப்படற சொல் அதுதானே.

வந்த பதில்கள்ல மகன்லால் காந்தி அனுப்பினது 'சதாக்ரஹ்', நல்ல காரியத்துல உறுதியா நிக்கிறதுன்னு அர்த்தம். காந்திக்குப் பிடிச்சிருந்தும் முழுசா திருப்தி இல்ல, 'சத்'தை 'சத்ய' ஆக்கி சத்யாக்ரஹ்னு திருத்தினார். மகன்லால் வேற யாரும் இல்ல, அவருக்கே சொந்தக்காரப் பையன், அந்தப் பத்திரிகையோட பீனிக்ஸ் அச்சகத்துலயே வேலை பார்த்தவர், இன்னைக்கு யாராவது இப்படிப் பரிசு குடுத்தா நம்ம ஆளுங்க கிழிச்சுத் தொங்க விட்டுருப்பாங்க.

மத்த சொல்லும் சும்மா இல்லைங்க. சிவில் டிஸ்ஒபீடியன்ஸுக்கு குஜராத்தில பின்னாடி நிலைச்சது 'சவினய கானூன் பங்க்', அதாவது விநயத்தோட சட்டத்தை மீறுறது. 'சிவில்'ங்கிறதை குடிமக்கள் சம்பந்தப்பட்டதுன்னு எடுக்காம மரியாதைன்னு எடுத்துக்கிட்டாங்க, அதனால எப்படி மீறணும்னு சொல்லுக்குள்ளயே இருக்கு. நாம 'சட்டமறுப்பு'ன்னு வச்சோம், சுருக்கமா நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த விநயம் விட்டுப்போச்சு. பதிலுக்கு நம்ம 'ஒத்துழையாமை' அவங்களோட 'அசஹகார்'ஐ விட எனக்குக் காதுக்கு இதமா இருக்கு, இது என் சொந்த அபிப்பிராயம். கார்ட்டூன்? அதுக்குச் சொல் இருந்தும் இங்க பேச்சுல கார்ட்டூன்தான்.

1909-ல காந்தி 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதினப்போ குஜராத்தில ஒரு அத்தியாயத் தலைப்பு சத்யாக்ரஹ்–ஆத்மபல்னு இருக்கு, அதையே அவர் இங்கிலீஷ்ல போடும்போது மறுபடியும் பாசிவ் ரெசிஸ்டன்ஸ்னுதான் போட்டார். வேண்டாம்னு தள்ளின வார்த்தை திரும்ப உள்ள வந்துடுச்சு, இங்கிலீஷ் படிக்கிறவங்களுக்கு அப்போ வேற சொல் தெரியாதே.

நமக்கு இதுல ஒரு வருத்தமும் இருக்கு. இந்தியன் ஒப்பீனியன் 1903-ல ஆரம்பிச்சப்போ இங்கிலீஷ், குஜராத்தி, ஹிந்தி, தமிழ்னு நாலு மொழியில வந்துச்சு. ஆசிரியரும் அச்சுக்கோக்கிற ஆளும் சரியா கிடைக்காம தமிழையும் ஹிந்தியையும் 1906-லயே நிறுத்திட்டாங்க. அதனால அந்தப் போட்டி அறிவிப்பு தமிழ்ல வரவே இல்ல. ஆனா அந்தப் போராட்டத்துல ஜெயில் ஜெயிலாப் போனவங்கள்ல தமிழங்க எவ்வளவு பேர்! தில்லையாடி வள்ளியம்மை ஜெயில்ல இருந்து காய்ச்சலோட வந்து 1914 பிப்ரவரியில செத்தே போச்சு. அந்தத் தமிழங்ககிட்டயும் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சுப் பாப்பேன்.

நம்ம பக்கம் பாரதியாரும் இப்படிக் கேட்டவர்தான். மெம்பர்ங்கிறதுக்கு சரியான தமிழ் கிடைக்காம மண்டையைக் குடைஞ்சு, பண்டிதர்கள் யாராவது கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு எழுதினார். இன்னைக்கு பஞ்சாயத்து போர்டுல கூட 'உறுப்பினர்'னு எழுதியிருக்கு, யாரும் யோசிக்கிறது கூட இல்ல.

இப்போ சொல் உண்டாக்குற வேலையெல்லாம் கமிட்டிகிட்ட விட்டுட்டோம். அவங்க பட்டியல் போடறாங்க, பாதி அங்கயே படுத்துக்கிடக்கு, ஏன்னா பயன்படுத்தப் போறவன்கிட்ட யாரும் கேக்கல. அதனால என் கோரிக்கை இதுதான். வாரம் ஒரு இங்கிலீஷ் சொல்லை உங்க பேப்பர்ல போடுங்க, வாசகர்கள் அனுப்பட்டும், பரிசு ஒரு புத்தகம் போதும். தேர்ந்தெடுக்காத சொல்லையும் ஏன் எடுக்கலன்னு ஒரு வரியோட போடுங்க, அதுலதான் படிக்கிறவனுக்கு சுவாரசியம். முதல் வாரத்துக்கு 'ட்ரோல்', ரெண்டாவது வாரத்துக்கு 'டெட்லைன்' வைக்கலாம். டெட்லைனுக்கு 'கெடு'ன்னு ஏற்கெனவே நல்ல சொல் இருக்கேன்னு நாலு பேராவது எழுதுவாங்க, அந்தச் சண்டையையும் அப்படியே அச்சுல போட்டுருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மணிநகர், அகமதாபாத்